‘டக்’ என்று ஒரே சத்தம்: செல்ஃப் மோட்டாரா, பேட்டரியா?

டிசம்பர் 8, 2024, காலை

2009ஆம் ஆண்டின் சிறிய பெட்ரோல் கார். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினால் அதே ‘டக்’. மூன்றாவது நான்காவது முறை, ஒன்றும் நடக்காதது போல ஓடத் தொடங்கிவிடுகிறது. பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. தருமபுரி நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பானட்டைத் திறக்கவே இல்லை. “செல்ஃப் போய்விட்டது, புதிது போட 6,500 ஆகும்” என்றார். சாவியைத் திருப்பியதும் எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டாரைத்தான் செல்ஃப் என்கிறார்.

மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் கம்பம் ஏறியவன் நான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வோல்ட் அளக்கும் மீட்டரும் இருக்கிறது. செல்ஃப் மோட்டாரை வீட்டிலேயே கழற்றி மாற்றியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

டிசம்பர் 8, மதியம்

சொல்ல விட்டுப்போன ஒன்று. ஃபெஞ்சல் புயல் மழையின்போது கார் அரூரில் தங்கை வீட்டு வாசலில் நின்றது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழை. தங்கை வீட்டுத் தெருவில் டயரில் பாதி வரை தண்ணீர். இந்தக் காரில் செல்ஃப் மோட்டார் அடியில், எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே போய்விட்டது என்பது என் முடிவு.

டிசம்பர் 8, இரவு

“சத்தத்தைச் சரியாகச் சொல்லுங்கள்” என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயம்தான். ‘டக டக டக டக’ என்று தையல் இயந்திரம் போல அடித்தால், பெரும்பாலும் பேட்டரியில் சத்து இல்லை, அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. ‘கிர்ர்ர்’ என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால், முன்னால் உள்ள பல்சக்கரம் எஞ்சினின் பெரிய சக்கரத்தைப் பிடிக்கவில்லை, அல்லது அதனுள்ளே இருக்கும் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு சத்தமும் இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, சாவி சுவிட்ச் என்று மேலே தேட வேண்டும். என்னுடையது நான்காவது வகை: கனமான ஒற்றை ‘டக்’. முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினேன். விளக்கு லேசாகச் சிமிட்டியதே தவிர மங்கவில்லை.

ராயக்கோட்டை நண்பர் சொன்னபடி ஒன்று செய்தேன். மனைவியைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து, வீல் ஸ்பேனரால் செல்ஃப் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். எடுத்துக்கொண்டது! அப்படியென்றால் உள்ளே, மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்துவிட்டது. தட்டும்போது அது நகர்ந்து ஒட்டிக்கொள்கிறது. வழக்கு முடிந்தது.

(பிற்சேர்க்கை, டிசம்பர் 22: இந்தக் குறிப்பின் கடைசிப் பத்தியை நம்பி யாரும் எதையும் தட்ட வேண்டாம். காரணம் கீழே.)

டிசம்பர் 9

பேட்டரியை அளந்தேன். 12.6 வோல்ட். முழுதாக ஏறிய பேட்டரிக்கு இருக்க வேண்டியது அதுதான். ஆகவே பேட்டரி குற்றமற்றது. புது செல்ஃப் வாங்கச் சேலம் போகப் போகிறேன்.

டிசம்பர் 10

போகவில்லை. ஓசூரில் வேலை செய்யும் ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: “சும்மா நிற்கும்போது அளந்தீர்களா, சாவியைத் திருப்பும்போது அளந்தீர்களா?” படித்தவுடன் காது சுட்டது. இந்தக் கேள்வியை நான் அல்லவா மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்!

பென்னாகரம் சாலையில் ஒரு கிணற்று மோட்டார். பல வருடத்துக்கு முந்தைய கதை. விவசாயி ஓடி வந்து, “மூன்று பேஸும் இருக்கிறது, மோட்டார் மட்டும் உறுமுகிறது, சுற்றவில்லை” என்றார். புது மோட்டார் வாங்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் மோட்டார் நன்றாக இருந்தது. கம்பத்தில் ஒரு ஜம்பர், அதாவது இணைப்புக் கம்பி, கருகி, நூலிழையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் போடாதவரை மீட்டர் மூன்று பேஸையும் காட்டும். போட்டவுடன் ஒன்று படுத்துவிடும். கருகிய நூலிழை வழியாகவும் வோல்ட் வரும், ஆம்பியர்தான் வராது. “சுமை ஏற்றிப் பார்க்காமல் அளந்த அளவு ஜாதகம் மாதிரி, நடக்கவும் நடக்கும், நடக்காமலும் போகும்” என்று அவரிடம் பெரிதாகப் பேசிவிட்டு, மோரும் குடித்துவிட்டு வந்தேன்.

அதே ஆள் சொந்தக் காருக்கு வந்தபோது, சும்மா நின்ற பேட்டரியை அளந்து தீர்ப்பு எழுதிவிட்டான். 11,000 வோல்ட்டிடம் கூட இவ்வளவு அசட்டையாக இருந்ததில்லை. 12 வோல்ட்தானே என்ற இளக்காரம்.

டிசம்பர் 11

முறையாக அளந்தேன். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

எஞ்சின் ஓடிவிடக் கூடாது, சுற்ற மட்டும் வேண்டும். அதனால் பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டேன். கியர் நியூட்ரலில், கைபிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாயிற்று. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, முனைகளைப் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே அழுத்திப் பிடித்தேன். அதைக் கவ்வும் கிளாம்ப்பில் அல்ல. கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் இடையில்தானே பாதித் திருட்டு நடக்கும்.

சாவியை மனைவி திருப்பினார். அதிர்ஷ்டவசமாக இன்று எஞ்சின் சுற்றியது. சோம்பலாக, மனமில்லாமல் சுற்றியது. அப்போது பேட்டரியில் 10.9 வோல்ட். பத்துக்குக் கீழே விழாதவரை பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. அடுத்து ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் குமிழில், மறுமுனை செல்ஃப் மோட்டாரில் தடித்த கம்பி வந்து சேரும் போல்ட்டில். சுற்றும்போது 0.2. இந்தப் பாதையில் அரை வோல்ட் வரை தொலையலாம் என்பார்கள், ஆகவே பழுதில்லை. பிறகு ஒரு முனை நெகட்டிவ் குமிழில், மறுமுனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், துருவும் எண்ணெயும் இல்லாத ஓரிடத்தில். மீட்டர் 1.1 காட்டியது! இங்கே 0.2, மிஞ்சினால் 0.3தான் இருக்கலாம்.

10.9இல் 0.2 போய், 1.1 போய், மோட்டாருக்குக் கிடைத்தது 9.6. மீதி எங்கே போகிறது? மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில், எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் எர்த் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். சூடு. சுற்றும்போது நூறு ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 1.1ஆல் பெருக்கினால் 110 வாட். ஒரு பழைய குண்டு பல்பை அந்தப் போல்ட்டுக்கடியில் ஒளித்து வைத்தது போல.

இதை ஓம் வைத்து அளந்து பிடிக்கலாமே என்று கேட்காதீர்கள். 1.1ஐ நூறால் வகுத்தால் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு. நம் கையில் இருக்கும் மீட்டருக்கு அது பூஜ்யம். பீப் சத்தமும் உற்சாகமாகப் போடும்.

டிசம்பர் 11, இரவு

பட்டையைக் கழற்றிவிட்டேன். பாடியில் பிடிக்கும் இடத்தில் பெயின்டுக்கும் வளையத்துக்கும் நடுவே துரு அடுக்கடுக்காக, முறுக்குச் சட்டியின் அடியில் பிடித்த கசடு போல. பட்டையின் இழைகளில் பாதி பச்சையாகிப் பொடிந்திருந்தது. ஒரு வார வெள்ளத்தில் வந்த பச்சை அல்ல அது, பல வருட வேலை. அரூர் தண்ணீர் கடைசி அடியைக் கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான். எய்தவன் இருக்க அம்பை நோவதில் நான் கெட்டிக்காரன். முதலில் செல்ஃப் மோட்டாரை நொந்தேன், பிறகு புயலை நொந்தேன்.

உப்புத்தாள் வைத்து இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை (180 ரூபாய்) போட்டு, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடிக்கு, சுடுநீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு போய்விட்டது. பேட்டரியின் மூடிகள் வழியாக உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நெகட்டிவ் பக்கம் 0.1. எஞ்சின் ‘விர்’ரென்று எடுக்கிறது. 6,500 ரூபாய் மிச்சம். அந்த மெக்கானிக்கிடம் போய் மெதுவாகச் சொல்லிவிட்டு வரலாமா என்று பார்க்கிறேன்.

டிசம்பர் 12

போகாதே என்றார் மனைவி. போகவில்லை.

டிசம்பர் 15

நல்லவேளை போகவில்லை. மெக்கானிக் சொன்னது பாதி சரி.

இன்று சேலத்தில் ஒரு கல்யாணம். தொப்பூர் கணவாய்க்கு முன்னால், சுங்கச்சாவடியில் வண்டியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி ஏதோ பேசினேன். சாவியைத் திருப்பினேன். ‘டக்.’ அதே ஒற்றை ‘டக்’. பின்னால் நின்ற லாரிகள் எழுப்பிய ஹாரன் சத்தத்தில் கல்யாண வாத்தியம் எல்லாம் மறந்துவிட்டது. இரண்டு பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டேன், ஓடியது. பட்டுப்புடவையில் மனைவி முன்சீட்டில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சேலம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மண்டபத்தில் சரிவு பார்த்து நிறுத்தினேன். கிளம்பும்போது பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்த நால்வர், மாப்பிள்ளை அழைப்பு போல உற்சாகமாகத் தள்ளிவிட்டார்கள்.

டிசம்பர் 16

“தொப்பூர் இறக்கத்திலேயே உருட்டி ஸ்டார்ட் செய்திருக்கலாமே” என்று எழுதியவருக்கு: தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். அதன்பிறகு மிதி கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளைப் பற்றி நாம் படிக்காத வருடமே இல்லை, நாமும் அந்த வரிசையில் சேர வேண்டாம். சமதளத்தில் தள்ளுவது வேறு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் தள்ளினால் ஓடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டியைத் திரும்பத் திரும்பத் தள்ளி எடுப்பது புகைக்குழாயில் உள்ள வினையூக்கிக்கும் நல்லதல்ல, எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சேரும்.

மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலையில் கையுறை இல்லாமல் ஸ்பேனரைத் தொட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் வருகிறான், அதற்குள் பழுதான நேரத்தில் ஒருமுறை அளந்துவிட வேண்டும்.

டிசம்பர் 18

அகப்பட்டது. காலை ஆறு மணி, குளிர், ‘டக்’. ஓடிப்போய் மீட்டரை எடுத்து வந்தேன். காரின் முன்பக்கம் ஏற்கெனவே தாங்கிகளின் மேல் நிற்கிறது (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கிறவர்களுக்கு நான் அறிவுரை சொல்வதாக இல்லை, அவர்கள் வீட்டார் சொல்லட்டும்).

சாவி திரும்பியிருக்கும்போது:

பேட்டரியில் 12.2. அதாவது யாரும் அதனிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.
செல்ஃப் மோட்டாரில் பேட்டரிக் கம்பி வரும் தடித்த போல்ட்டில் 12.2.
சாவியிலிருந்து வரும் ஒற்றை மெல்லிய கம்பியில் 11.7. உத்தரவு ஒழுங்காக வந்து சேர்கிறது.
சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் இன்னொரு தடித்த போல்ட்டில் 0.4.

கதவு வரை வந்த மின்சாரம் கதவுக்கு உள்ளே இல்லை. சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடர்புகள் கருகிவிட்டன, அவ்வளவுதான்.

சொலினாய்டு என்பது செல்ஃப் மோட்டாரின் முதுகில் படுத்திருக்கும் குட்டி உருளை. அதற்கு இரண்டு வேலை. பல்சக்கரத்தை முன்னே தள்ளி எஞ்சினின் பெரிய சக்கரத்தோடு கோக்க வேண்டும். கோத்த பிறகு, ஒரு செம்பு வட்டை இரண்டு செம்புக் கட்டைகளின் மேல் அழுத்திப் பெரிய மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிட வேண்டும். முதல் வேலையின் சத்தம்தான் ‘டக்’. இரண்டாவது வேலை நடக்கவில்லை.

அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் கேட்பார்கள். சொலினாய்டுக்குள் இரண்டு சுருள் உண்டு. ஒன்று இழுக்க, ஒன்று பிடித்துக்கொள்ள. இழுக்கும் சுருள் தன் மின்சாரத்தை மோட்டார் வழியாகவே எர்த்துக்கு அனுப்புகிறது, அதன் மிச்சம் அது. இதில் ஒரு நுட்பம். மோட்டாரின் கார்பன் முழுக்கத் தேய்ந்து தொடர்பு அறுந்திருந்தால், இழுக்கும் சுருளுக்கும் திரும்பும் வழி இருக்காது. ‘டக்’ வலுவில்லாமல் இருக்கும், அல்லது வராமலே போகும். எனக்கு ‘டக்’ கனமாக வந்தது. இதை 8ஆம் தேதியே யோசித்திருக்க வேண்டும்.

டிசம்பர் 19

“செல்ஃப் என்ற பெயரே விசித்திரம், எதற்கு செல்ஃப்?” என்று பாலக்கோட்டு நண்பர் கேட்டிருக்கிறார். தலைப்பைவிட்டு விலகினாலும் எனக்குப் பிடித்த கேள்வி.

முன்பு ஹேண்டில், வண்டிக்கு முன்னால் நின்று கையால் சுற்றுவது. என் பெரியப்பா பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றும் லாரி வைத்திருந்தார். சிறுவயதில் அவர் எனக்குச் சொன்ன முதல் தொழில்நுட்பப் பாடம்: ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை எதிர்ப்பக்கம் சுற்றாதே, நான்கு விரலோடு சேர்த்தே வை, இழுத்து மேலே தூக்கு, கீழே அழுத்தாதே. எஞ்சின் திருப்பி உதைத்தால் கை தானாக விடுபட வேண்டும், இல்லையென்றால் மணிக்கட்டு போகும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் கேடிலாக் காரில் வந்தது. யாரும் முன்னால் நின்று சுற்ற வேண்டாம், வண்டி தானே தன்னை எழுப்பிக்கொள்ளும். செல்ஃப் ஸ்டார்ட்டர். நாம் பின்பாதியை உதறிவிட்டு முன்பாதியை வைத்துக்கொண்டோம்.

கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் பணப்பதிவு இயந்திரத்துக்கு மோட்டார் செய்தவர். கல்லாப்பெட்டி ஒரு நொடி ஓடினால் போதும், நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஆகவே ஒரு சின்ன மோட்டாரைச் சில நொடி மட்டும் அதன் சக்திக்கு மேல் வேலை வாங்கலாம். காரிலும் அதே தந்திரம். ‘ஓடவில்லையே’ என்று சாவியை அரை நிமிடம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அந்தச் சின்ன மோட்டாரை வேக வைக்கிறார்கள். பத்து நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

டிசம்பர் 22

கழற்றியாகிவிட்டது. உடம்பெல்லாம் வலி, ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ், 10 மில்லி ஸ்பேனர். நெகட்டிவ் முதலில் ஏன்? பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி பாடியைத் தொட்டால், நெகட்டிவ் இணைந்திருக்கும்வரை அது நேர் ஷார்ட். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் சுடும். மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வெள்ளி அரைஞாண் கட்டியவர்கள் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு குனியுங்கள், சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

தடித்த கம்பியின் நட் 12 மில்லி. மெல்லிய கம்பி ஒரு பிளாஸ்டிக் கவ்வி, நாக்கை அழுத்தி இழுத்தால் வரும், அழுத்தாமல் இழுத்தால் உடையும். பிறகு செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு பிடித்திருக்கும் இரண்டு 14 மில்லி போல்ட். கீழே உள்ளது சாது. மேலே உள்ளது கண்ணுக்கே தெரியாது, குருடன் யானையைத் தடவுவது போல விரலால் தடவித்தான் சாக்கெட்டை உட்கார வைக்க வேண்டும். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தேன். ஆனாலும் அசையவில்லை. தங்கை மகன் டார்ச் பிடித்துக்கொண்டு, “மாமா, கடைக்குக் கொண்டுபோய்விடலாமே” என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னான். “டார்ச்சை ஒழுங்காகப் பிடி” என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நானும் சொன்னேன். நீளமான கைப்பிடி போட்டுக் காலால் தள்ளியபோது ‘கிரீச்’ என்று இளகியது. விரல் முட்டிகள் இரண்டில் தோல் இல்லை.

கடைசி போல்ட் வரும்போது ஒரு கை மோட்டாரின் அடியில் இருக்கட்டும். நான்கு கிலோ வரும். முகத்துக்கு நேர் மேலே தொங்கும்.

சொலினாய்டின் பின்மூடியைத் திறந்தேன். இரண்டு செம்புக் கட்டைகளில் ஒன்று முழுதாக இருந்தது. மற்றொன்று மூன்றாம் பிறை. வட்டு தொட வேண்டிய விளிம்பு உருகி, உருகி, கரிக்குழியாக இருந்தது. பல வருடம், ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பொறி. கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஏர் பிரேக் சுவிட்ச்சின் கத்திகளை இதே கோலத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

8ஆம் தேதிக் குறிப்பைத் திருத்தக் காரணம் இதுதான். தட்டியதும் ஓடினால் கார்பன்தான் என்று எழுதினேன். தட்டும்போது இந்த வட்டும் கொஞ்சம் திரும்பிப் புது இடத்தில் உட்காரும், அப்போதும் ஓடும். தட்டல் மோட்டார் பக்கம் பழுது என்று காட்டும், எந்த உறுப்பு என்று காட்டாது. அதைவிட முக்கியம்: இப்போது வரும் சிறிய செல்ஃப் மோட்டார்கள் பலவற்றில் உள்ளே சுருளுக்குப் பதிலாக நிலைக்காந்தங்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அவை பீங்கான் சாதி. வீல் ஸ்பேனரால் தட்டினால் விரிசல் விழும், துண்டு கழன்று உள்ளே சுற்றுவதில் சிக்கும். நான் தட்டியது உடையவில்லை என்பது என் புண்ணியம்.

டிசம்பர் 23

புதிது வாங்கவில்லை. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டைனமோ, செல்ஃப் வேலை மட்டும் செய்யும் ஒரு பெரியவர் இருக்கிறார். மோட்டாரை வாங்கியவுடன் அவர் செய்த முதல் காரியம் முகர்ந்து பார்த்ததுதான். “கருகல் வாடை இல்லை, ஆர்மேச்சர் பிழைத்தது” என்றார். உள்ளே சுற்றும் சுருள்தான் ஆர்மேச்சர். பிறகு தண்டை விரலால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். “புஷ் தேய்ந்திருக்கிறது.” தண்டு சுழலும் வளையம் அது. கார்பனை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பாதிக்கும் கீழே. ஆகவே மெக்கானிக்கின் ‘செல்ஃப் போய்விட்டது’ பொய் அல்ல, என் ‘கார்பன்’ கண்டுபிடிப்பும் முழுப் பொய் அல்ல. ஆனால் அன்று வண்டியை நிறுத்தியது அவை இரண்டும் அல்ல.

கார்பன் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரை மென்மையான உப்புத்தாளால் சுற்றித் துடைத்தார். உடைந்த ஹாக்சா பிளேடால் செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருந்த கரிப்பொடியை ஒவ்வொரு கோடாகக் கீறி எடுத்தார், கோலப்பொடியில் இழை போடும் நிதானத்தோடு. புது சொலினாய்டு, கார்பன், இரண்டு புஷ், கூலி எல்லாம் சேர்த்து 1,950 ரூபாய்.

மேசையில் சோதித்த விதத்தைச் சொல்ல வேண்டும். மோட்டாரை வைஸில் இறுக்கிய பிறகுதான் கம்பியைத் தொட்டார். நான் கையில் பிடித்துக்கொள்கிறேன் என்றதற்கு நிமிர்ந்து பார்த்து, “சார் எந்த இலாகா?” என்றார். சொன்னேன். “அதுதான்” என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை புரியவில்லை. மின்சாரம் கொடுத்தவுடன் வைஸோடு மேசையே ஒரு உதறு உதறியது. கையில் பிடித்திருந்தால் மணிக்கட்டைத் திருகியிருக்கும். பெரியப்பாவின் ஹேண்டில்தான், வேறு வேஷத்தில்.

டிசம்பர் 24

மாட்டியாயிற்று. கழற்ற நான்கு மணி நேரம், மாட்ட நாற்பது நிமிடம். இரண்டு விஷயம் மட்டும். மோட்டார் எஞ்சினில் உட்காரும் முகத்தைத் துணியால் துடைத்து, துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பொருத்துங்கள். அந்த முகம்தான் அதற்கு எர்த், பெயின்ட் அடித்து அழகு பார்க்க வேண்டாம். இரண்டாவது, தடித்த கம்பியின் நட்டை வீரத்தைக் காட்டி இறுக்காதீர்கள். அந்தப் போல்ட் கருப்பு பேக்லைட் மூடியில் நிற்கிறது, போல்ட் சுழன்றால் மூடி பிளக்கும், புது சொலினாய்டு குப்பைக்குப் போகும். பேட்டரியின் நெகட்டிவ் கடைசியில்.

சாவியைத் திருப்பியது மனைவிதான், உரிமை அவருக்கு. அரைச் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. சுற்றும்போது பேட்டரி 10.8, பாசிட்டிவ் பக்கம் 0.2, நெகட்டிவ் பக்கம் 0.1. இந்த மூன்று எண்ணையும் பானட்டின் உட்புறம் மார்க்கரால் எழுதி, தேதி போட்டிருக்கிறேன்.

ஜனவரி 3, 2025

“புதுச் சொலினாய்டு மட்டும் போட்டிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்குமே” என்கிறார் காரிமங்கலம் நண்பர். முடிந்திருக்கும். பாதி தேய்ந்த கார்பனுக்காக இன்னொரு முறை அந்த மேல் போல்ட்டைச் சந்திக்கும் மனவலிமை எனக்கு இல்லை.

எர்த் பட்டைதான் சொலினாய்டைக் கெடுத்ததா என்றும் கேட்டிருக்கிறார். நான் இரண்டு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். வோல்ட் குறைந்தால் வட்டு வலுவாக அழுந்தாது, அரைகுறையாகத் தொட்டால் பொறி அதிகம், பொறி அதிகமானால் செம்பு சீக்கிரம் தேயும். கம்பத்தில் அப்படித்தான் நடக்கும். காரிலும் அப்படி நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பட்டையை மாற்றாமல் புது செல்ஃப் மட்டும் போட்டிருந்தால், இரண்டு வருடத்தில் மறுபடி நான்கு ரோட்டுக்குப் போயிருப்பேன்.

ஜனவரி 19

பொங்கலுக்கு அரூர் போனோம். தங்கையின் எதிர்வீட்டுக்காரர் கார் ‘டக டக டக’ என்று அடித்தது. “செல்ஃப் போய்விட்டது என்கிறார்கள்” என்றார். தங்கை மகன் என் பையிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினான். குமிழில் ஒரு முனை, கிளாம்ப்பில் ஒரு முனை, சாவியைத் திருப்பச் சொன்னான். மீட்டரைப் பார்த்துவிட்டு, கிளாம்ப்பைக் கையால் திருகினான். கையோடு சுழன்றது. 10 மில்லி ஸ்பேனர் இரண்டு சுற்று, வண்டி ஓடியது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் கரும்பு கடித்துக்கொண்டு நின்றதோடு சரி.

பிப்ரவரி 9

வண்டி நன்றாக ஓடுகிறது. மீட்டர்தான் இன்னும் அரூரில் இருக்கிறது. கேட்டால், “அடுத்த தெருவில் ஒருவர் கார் பார்க்க வேண்டும் மாமா, முடிந்ததும் தருகிறேன்” என்கிறான். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது வாங்கி வந்தால் உபகாரமாக இருக்கும்.